மொழிக்கு அரசியல் சாசனம், கொடிக்குச் சிறை: அல்ஜீரியாவின் அமாஸிக் மக்கள் கேட்பது என்ன?

2019 ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை அது. அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் ஜும்ஆ தொழுகை முடிந்து மக்கள் தெருவுக்கு வருகிறார்கள். பிப்ரவரி 22 முதல் வாரந்தோறும் நடந்துவரும் பேரணி அது. இருபது ஆண்டுகள் ஆண்ட அதிபர் அப்துல் அஸீஸ் பூதஃப்லீகா ஏப்ரலிலேயே பதவி விலகிவிட்டார். ஆனால் ஆள் மாறினால் போதாது, ஆட்சி முறையே மாற வேண்டும் என்று மக்கள் வீடு திரும்ப மறுத்துவிட்டார்கள்.

அன்று காவல்துறை கூட்டத்துக்குள் புகுந்து தேடியது ஆயுதத்தை அல்ல, ஒரு துணியை. நீலம், பச்சை, மஞ்சள் என மூன்று பட்டைகளும் நடுவே சிவப்பில் ஓர் எழுத்தும் கொண்ட அமாஸிக் கொடி அது. தேசியக் கொடியைத் தவிர வேறு கொடியைப் பிடிக்கக் கூடாது என்று ராணுவத் தலைமைத் தளபதி அஹ்மத் காயித் ஸாலிஹ் சில நாட்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தார். அந்தத் துணியைக் கையில் வைத்திருந்ததற்காகப் பலர் கைதானார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்கு ஊறு விளைவித்தார்கள் என்று வழக்குப் போடப்பட்டது.

இதிலுள்ள விசித்திரத்தைக் கவனியுங்கள். அந்த மக்களின் மொழியான தமாஸிக்த், 2016 முதல் அல்ஜீரியாவின் தேசிய மொழி, ஆட்சிமொழியும்கூட. அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சாசனத்தில் இடம்பெற்ற மொழியைப் பேசும் மக்கள் தங்கள் கொடியைத் தூக்கினால் சிறை. மொழிக்குக் கிடைத்த அங்கீகாரம் அந்த மொழி பேசுவோருக்கு ஏன் அரசியல் சுதந்திரமாக மாறவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேட நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

நமக்குத் தெரிந்தவர்கள்தான்

வெளியுலகம் 'பெர்பர்' என்று அழைக்கும் மக்கள் தங்களை 'அமாஸிக்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். சுதந்திரமானவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அரபு மொழி வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே வட ஆப்பிரிக்காவில் வாழ்பவர்கள். இன்றைய அல்ஜீரியாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமாஸிக்த் மொழியின் ஏதோ ஒரு வடிவத்தைப் பேசுகிறார் என்பது பொதுவான மதிப்பீடு. அல்ஜியர்ஸுக்குக் கிழக்கேயுள்ள மலைநாடான கபிலியா இவர்களின் மிகப்பெரிய வாழ்விடம். அவ்ராஸ் மலைகளில் ஷாவியாக்கள், பாலைவன விளிம்பிலுள்ள மிஸாப் பள்ளத்தாக்கில் இபாளி மத்ஹபைச் சேர்ந்த மிஸாபிகள், சஹாராவில் துவாரெக்குகள் என்று மற்றவர்களும் இருக்கிறார்கள்.

பெயர் புதிதாக இருக்கலாம், ஆட்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். ஸ்பெயினுக்குக் கடல் கடந்து சென்ற தாரிக் பின் ஸியாத் பெர்பர். நம்மூர்களில் ராகம் போட்டு ஓதப்படும் புர்தாவை இயற்றிய இமாம் பூஸீரியின் பூர்வீகம் ஸன்ஹாஜா என்ற பெர்பர் குலம். தலாயிலுல் கைராத்தைத் தொகுத்த இமாம் ஜஸூலியும் பெர்பர்தான். உலகெங்கும் மதரஸாக்களில் அரபு இலக்கணத்தைத் தொடங்கிவைக்கும் 'ஆஜுரூமிய்யா' என்ற சிறுநூலை எழுதியவர், 1323இல் ஃபெஸ் நகரில் காலமான இப்னு ஆஜுரூம். அவர் பெயரே பெர்பர் மொழிச் சொல். அரபு அல்லாத ஒரு தாய்மொழியைக் கொண்ட சமூகத்தில் பிறந்தவர் உலகத்துக்கு அரபு இலக்கணம் கற்றுக்கொடுத்தார். அதற்காகத் தாய்மொழியை விட்டுவிடும்படி அவரை யாரும் கேட்கவில்லை.

மொரோக்கோவின் ஸூஸ் பகுதி ஆலிம்கள் ஃபிக்ஹ் சட்டங்களைப் பெர்பர் மொழியில் பாடல்களாக்கி, அரபு எழுத்தில் எழுதி, ஊர் மக்களுக்குக் கற்பித்தார்கள். நம் முன்னோர் அரபுத்தமிழில் செய்ததைப் போலத்தான். ஆக, அரபுக்கும் தமாஸிக்துக்கும் இடையே பல நூற்றாண்டுகளாக இருந்தது பகை அல்ல, வேலைப் பங்கீடு. அந்த உறவு எப்போது முறிந்தது?

பிரான்ஸ் போட்ட விதை

பிரான்ஸ் 1830இல் அல்ஜீரியாவுக்குள் நுழைந்தது. காலனி அதிகாரிகள் ஒரு கதையைக் கட்டினார்கள். கபிலியர் அரபுகளைப் போன்றவர்கள் அல்லர், அரைகுறை முஸ்லிம்கள், ஐரோப்பியருக்கு நெருக்கமானவர்கள், எளிதில் நம் பக்கம் இழுத்துவிடலாம் என்பது அந்தக் கதை. கபிலியர் அதற்குக் கொடுத்த பதில் 1871 கிளர்ச்சி. முக்ரானியும், ரஹ்மானிய்யா தரீக்காவின் ஷைகுல் ஹத்தாதும் தலைமையேற்ற அந்த எழுச்சிக்குத் தண்டனையாகக் கபிலியரின் நிலங்கள் பெருமளவில் பறிக்கப்பட்டன.

அண்டை நாடான மொரோக்கோவில் பிரான்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனது. 1930 மே 16 அன்று வந்த 'பெர்பர் ஆணை', பெர்பர் குலங்களை ஷரீஅத் நீதிமன்றங்களிலிருந்து பிரித்து வழமைச் சட்டத்தின் கீழ் கொண்டுசென்றது. மொரோக்கோவின் பள்ளிவாசல்களில் 'யா லத்தீஃப்' துஆ எழுந்தது. பெர்பர் சகோதரர்களிடமிருந்து எங்களைப் பிரித்துவிடாதே என்று மக்கள் இறைவனிடம் மன்றாடினார்கள். மொரோக்கோ தேசிய இயக்கம் பிறந்த தருணம் அது என்றே சொல்லப்படுகிறது.

எனவே, அமாஸிக் மொழிக்கு உரிமை என்று யாராவது பேசினால் அது பிரான்ஸின் சூழ்ச்சி என்று அரபு தேசியவாதிகள் சந்தேகப்பட்டதற்கு வரலாற்றுக் காரணம் இல்லாமல் இல்லை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காலனியவாதி ஒரு மொழியைத் தன் கருவியாக்க முயன்றான் என்பதற்காக, அந்த மொழியைப் பேசும் விவசாயியைக் குற்றவாளியாக்குவது என்ன நியாயம்?

விடுதலைப் போரில் கபிலியாவின் பங்கு சாதாரணமானதல்ல. 1956 ஆகஸ்டில் போராட்டத்துக்கு அமைப்பு வடிவம் கொடுத்த ஸூமாம் மாநாடு நடந்தது அந்த மலைகளில்தான். அதன் மூளையாக இருந்த அப்பான் ரம்தான் ஒரு கபிலியர். 1962 ஜூலையில் நாடு விடுதலை பெற்றது. முதல் அதிபர் அஹ்மத் பின் பெல்லா, நாம் அரபுகள் என்று மேடையில் மும்முறை முழங்கியவர். புதிய அரசு ஒற்றைக் கட்சி, ஒற்றை மொழி என்று தொடங்கியது. அரபு கற்பிக்க எகிப்திலிருந்து ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டார்கள். விடுதலைப் போர்த் தலைவர்களில் ஒருவரான ஹுசைன் ஆயித் அஹ்மத் 1963 செப்டம்பரில் சோசலிச சக்திகள் முன்னணியைத் தொடங்கிக் கபிலியாவில் ஆயுதம் ஏந்தினார். அவர் கேட்டது தனிநாடு அல்ல. அதிகாரம் ஒரே கட்சியிடம் குவிவதைத்தான் எதிர்த்தார். கிளர்ச்சி அடக்கப்பட்டது.

பிரெஞ்சு மொழியின் ஆதிக்கத்தை அகற்ற அரபுமயமாக்கல் தேவை என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்தில்லை. 132 ஆண்டுகள் அரபு மொழி மிதிக்கப்பட்ட நாடு அது. பிரச்சினை எங்கே என்றால், பிரெஞ்சை நோக்கி எறிந்த கல் தமாஸிக்தின் தலையில் விழுந்தது. அதிகார வர்க்கத்தின் மேல்மட்டம் தன் பிள்ளைகளைப் பிரெஞ்சில் படிக்கவைத்துக்கொண்டே ஊரார் பிள்ளைகளுக்கு அரபுமயமாக்கலைப் போதித்தது. குர்ஆனின் மொழியை எதிர்ப்பவர்கள் என்ற பழியும் கபிலியர்மீது விழுந்தது. மொழிகளின் வேறுபாட்டைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சூரத்துர் ரூமில் (30:22) குறிப்பிட்டிருக்க, மொழியின் பெயரால் ஈமானை அளக்கும் இந்தத் தராசு எங்கிருந்து வந்தது என்று கேட்க அங்கே வாக்குரிமையும் இல்லை, பத்திரிகைச் சுதந்திரமும் இல்லை.

ஒரு சொற்பொழிவு தடுக்கப்பட்டபோது

1980 மார்ச் 10. கபிலியாவின் முக்கிய நகரான திஸி உஸுவில், பல்கலைக்கழக மாணவர்கள் எழுத்தாளர் மூலூத் மம்மரியை உரையாற்ற அழைத்திருந்தார்கள். தலைப்பு, பழங்காலக் கபிலியக் கவிதைகள். அதிகாரிகள் அவரை வழியிலேயே திருப்பி அனுப்பினார்கள். கவிதை பற்றிய உரையைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது!

மாணவர்கள் வளாகத்தைக் கைப்பற்றினார்கள். ஏப்ரலில் பொது வேலைநிறுத்தம். ஏப்ரல் 20 விடியலில் காவல் படைகள் விடுதிகளுக்குள் புகுந்து உறங்கிக்கொண்டிருந்தவர்களை அடித்தன. 'அமாஸிக் வசந்தம்' என்று இன்றுவரை ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் நிகழ்வு இதுதான். விடுதலைக்குப் பின் ஒற்றைக் கட்சி ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்த முதல் பெரும் மக்கள் எழுச்சி என்று இதைச் சொல்லலாம். மொழியைக் கேட்டு எழுந்தவர்கள் கருத்துச் சுதந்திரத்தையும் சேர்த்தே கேட்டார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர்களால் முடியவில்லை, ஏனெனில் அவர்களிடமிருந்து இரண்டையும் பறித்தது ஒரே கைதான்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1988 அக்டோபரில், விலைவாசியும் வேலையின்மையும் தாங்காமல் நாடெங்கும் இளைஞர்கள் வெடித்தார்கள். ராணுவம் நூற்றுக்கணக்கானோரைச் சுட்டுக் கொன்றது. மறு பிப்ரவரியில் பல கட்சி முறையை அனுமதிக்கும் புதிய சாசனம் வந்தது. 1991 டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி 188 இடங்களை வென்றது. இரண்டாவதாக வந்தது, 25 இடங்களுடன் ஆயித் அஹ்மதின் கட்சி. நாட்டை விடுதலை செய்ததாகச் சொல்லி முப்பது ஆண்டுகள் ஆண்ட கட்சி இடங்களின் எண்ணிக்கையில் மூன்றாவது. ராணுவம் 1992 ஜனவரியில் தேர்தலையே ரத்து செய்தது. அடுத்த பத்தாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். கபிலியாவின் அரசியல் இங்கே இரண்டாகப் பிரிந்தது. ஸயீத் ஸஅதியின் கலாசார ஜனநாயகப் பேரணி என்ற கட்சி, இஸ்லாமியவாதிகள் வருவதைவிட ராணுவமே மேல் என்று தேர்தல் ரத்தை ஆதரித்தது. ஆயித் அஹ்மத் எதிர்த்தார். தன் கொள்கைக்கு நேர் எதிரான கட்சியின் வெற்றியைக்கூட மதிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1995 ஜனவரியில் ரோம் நகரில் அவரது கட்சியும் இஸ்லாமிய மீட்பு முன்னணியும் முன்னாள் ஆளும் கட்சியும் ஒரே மேசையில் அமர்ந்து சமாதானத் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டன. அல்ஜீரிய அடையாளத்தின் கூறுகள் இஸ்லாம், அரபியம், அமாஸிக்தன்மை ஆகிய மூன்றும் என்று அது ஒப்புக்கொண்டது. இரு மொழிகளுக்கும் இடம் வேண்டும் என்றது. இஸ்லாமியவாதிகள் கையெழுத்திட்ட ஆவணம் அது என்பதை, இஸ்லாத்தையும் அமாஸிக் உரிமையையும் எதிரெதிராக நிறுத்துவோர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ராணுவ அரசு அந்தத் திட்டத்தை முற்றாக நிராகரித்தது.

அதே காலத்தில் கபிலியாவில் ஒரு வினோதமான போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1994 செப்டம்பரில் பள்ளிகள் திறந்தபோது பிள்ளைகள் போகவில்லை. 'புத்தகப்பை வேலைநிறுத்தம்' என்று பெயர். தங்கள் மொழி பள்ளிக்குள் வரும்வரை தாங்களும் வரமாட்டோம் என்று ஏறத்தாழ ஒரு கல்வியாண்டையே இழந்தார்கள். 1995 மே மாதம் அரசு அமாஸிக் உயர் ஆணையத்தை அமைத்தது. சில மாகாணங்களில் தமாஸிக்த் விருப்பப் பாடமாக வகுப்பறைக்குள் நுழைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் விவாதித்துத் தர வேண்டியதை, நாடாளுமன்றமே இல்லாத காலத்தில், நெருக்கடி தாங்காத அரசு சலுகையாகத் தந்தது. பின்னர் நடந்தவை எல்லாம் இதே வரிசையில்தான்.

கறுப்பு வசந்தம்

1999 செப்டம்பரில் புதிய அதிபர் பூதஃப்லீகா திஸி உஸுவுக்கே வந்து, தமாஸிக்த் ஒருபோதும் ஆட்சிமொழி ஆகாது என்றார். தேசிய மொழி ஆக்குவதென்றாலும் நாடு முழுவதும் வாக்கெடுப்பு வேண்டும் என்றார். பெரும்பான்மையிடம் கேட்டுத்தான் சிறுபான்மையின் மொழிக்கு இடம் என்பதே அதன் பொருள்.

2001 ஏப்ரல் 18 அன்று பனீ துவாலா என்ற ஊரில், ஜாந்தார்மரி எனப்படும் ராணுவக் காவல் படையின் நிலையத்துக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர் சுடப்பட்டு இரண்டு நாட்களில் இறந்தார். கபிலியா எரிந்தது. கல்லெறிந்த இளைஞர்களுக்குத் தோட்டாக்கள் பதிலாக வந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சட்டப் பேராசிரியர் முஹந்த் இஸ்ஸாத் தலைமையில் அரசே அமைத்த விசாரணைக் குழு, வன்முறைக்குப் பொறுப்பு ஜாந்தார்மரிதான் என்று அறிக்கை தந்தது.

கபிலிய ஊர்களில் 'தஜ்மாஅத்' என்றொரு அமைப்பு உண்டு. நம் ஊர் ஜமாஅத்தின் அதே சொல்தான், பெர்பர் உருவில். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பாதை, தண்ணீர், சண்டை சச்சரவு என்று எல்லாவற்றையும் பேசித் தீர்க்கும் சபை. கட்சிகள்மீது நம்பிக்கை இழந்த மக்கள் அந்தப் பழைய சபைகளின் வழியாகவே ஒன்றுதிரண்டார்கள். 2001 ஜூன் 11 அன்று அல்-கஸர் என்ற ஊரில் கூடி 15 கோரிக்கைகளை எழுதினார்கள். ஜாந்தார்மரி வெளியேற வேண்டும், தமாஸிக்த் வாக்கெடுப்பின்றித் தேசிய மொழியும் ஆட்சிமொழியும் ஆக வேண்டும், அரசின் நிர்வாக அதிகாரங்கள் அனைத்தும் மக்கள் தேர்ந்தெடுத்த அமைப்புகளின் கீழ் வர வேண்டும் என்பவை அவற்றுள் சில. தன்னாட்சி என்ற சொல் அதில் இல்லை. தங்கள் மலைக்கு மட்டுமல்ல, முழு அல்ஜீரியாவுக்கும் ஜனநாயகம் கேட்டார்கள். ஜூன் 14 அன்று அதைக் கையில் ஏந்தித் தலைநகருக்குப் பெருந்திரளாக நடந்தார்கள். அதிபர் மாளிகையை நெருங்கவே விடவில்லை. அன்று முதல் அல்ஜியர்ஸில் பேரணிக்குத் தடை. 2019வரை நீடித்த தடை அதுதான்.

தன்னாட்சி என்ற கோரிக்கை அமைப்பாக எழுந்தது அந்த ஜூன் மாதத்தில்தான். பாடகர் ஃபர்ஹாத் மஹன்னி 'கபிலியாவின் தன்னாட்சிக்கான இயக்கம்' தொடங்கினார். வரிசையைப் பாருங்கள். 1963இல் கேட்டது பல கட்சி அரசியல், 1980இல் மொழியும் கருத்துச் சுதந்திரமும், 2001இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. ஒவ்வொன்றுக்கும் தடியும் தோட்டாவும் கிடைத்த பிறகுதான் ஒரு பகுதியினர், இந்த அரசை மாற்ற முடியாது, அதனிடமிருந்து விலகி நிற்பதே வழி என்ற முடிவுக்கு வந்தார்கள்.

தன்னாட்சி ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதை அல்ஜீரிய நிர்வாகத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு 'வாலி' உண்டு. அவரை நியமிப்பவர் அதிபர். மாகாணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் உண்டு, ஆனால் கடைசிச் சொல் வாலியுடையது. ஒரு கபிலியக் கிராமம் தன் பள்ளிக்குத் தமாஸிக்த் ஆசிரியர் வேண்டும் என்றால் அல்ஜியர்ஸைத்தான் பார்த்திருக்க வேண்டும். மொழி உரிமை என்பது ஆசிரியர் பணியிடமாகவும் பாடநூலாகவும் ஊருக்கு வந்துசேர வேண்டும் என்றால், அதற்கான பணமும் அதிகாரமும் ஊரிடம் இருக்க வேண்டும்.

மஹன்னியின் இயக்கத்தைப் பற்றி நமக்குக் கடும் விமர்சனம் உண்டு. 2013இல் அது தன்னாட்சியைக் கைவிட்டுச் சுயநிர்ணயம் என்று மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் இஸ்ரேலுக்குச் சென்று வந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் பெயரால் பேசுபவர் பலஸ்தீனரை ஒடுக்குபவரின் வாசலில் போய் நிற்பது வெட்கக்கேடு. அது அவரது கோரிக்கைக்குச் செய்த கேடும் பெரிது. 'அந்நியச் சதி' என்ற அரசின் பழைய பல்லவிக்கு ஆதாரமாகவே அது அமைந்தது. கபிலியரில் பெரும்பாலோர் அவருடன் இருக்கிறார்கள் என்று சொல்லவும் முடியாது. ஆனால் 2021 மே மாதம் அரசு அந்த இயக்கத்தைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தபோது, வெறும் மொழி ஆர்வலர்களும் பத்திரிகையாளர்களும்கூட அந்த வலைக்குள் இழுக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மிஸாப் பகுதிக்குத் தன்னாட்சி கேட்ட மருத்துவர் கமாலுத்தீன் ஃபகார், 2019 மே மாதம் சிறைக்காவலில் உண்ணாவிரதம் இருந்து உயிரிழந்தார். அவர் ஆயுதம் எதையும் தூக்கியவர் அல்லர்.

அண்டை வீட்டு நியாயம்

மொரோக்கோ இதைவிடச் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. மன்னர் ஆறாம் முஹம்மத் 2001இல் அமாஸிக் பண்பாட்டுக்கான அரச நிறுவனத்தை அமைத்தார். எழுத்து விஷயத்தில் அரபு எழுத்தா, லத்தீன் எழுத்தா என்று அடித்துக்கொண்டிருந்தபோது, 2003இல் இரண்டும் வேண்டாம் என்று பண்டைய திஃபினாக் எழுத்தைத் தேர்ந்தார். அரபு வசந்தம் வீசிய 2011இல் தமாஸிக்த் அங்கே ஆட்சிமொழி ஆனது. ஆனால் பெர்பர் மொழி பேசும் ரீஃப் பகுதி மக்கள் 2016-17இல் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் வேலையும் கேட்டுத் தெருவுக்கு வந்தபோது, அவர்களின் தலைவர் நாஸிர் ஸஃப்ஸாஃபிக்கு 20 ஆண்டு சிறை.

இரு அரசுகளும் அடுத்தவர் வீட்டில் மட்டும் சுயநிர்ணயத்தை ஆதரிக்கின்றன. மேற்கு சஹாரா மக்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்று அல்ஜீரியா அரை நூற்றாண்டாக வாதிடுகிறது. 2021 ஜூலையில் ஐ.நா.வுக்கான மொரோக்கோ தூதர் பதிலுக்குக் கபிலியா மக்களின் சுயநிர்ணயத்தைப் பேசினார். அடுத்த மாதம் அல்ஜீரியா தூதரக உறவை முறித்துக்கொண்டது.

சாசனமும் வாக்குப்பெட்டியும்

ஒருபோதும் ஆகாது என்றவர் ஆட்சியில்தான் எல்லாம் ஆனது. கறுப்பு வசந்தத்தின் பிணங்கள் விழுந்து ஓராண்டில், 2002 ஏப்ரலில், தமாஸிக்த் தேசிய மொழி ஆனது. வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. 2016இல் ஆட்சிமொழி. அப்போதும் அரபே 'அரசின் ஆட்சிமொழி' என்று ஒரு படி மேலே வைக்கப்பட்டது. 2018 முதல், அமாஸிக் புத்தாண்டான யன்னாயர், ஜனவரி 12 அன்று, அரசு விடுமுறை. வகுப்பறையில் அது இன்னும் பெரும்பாலும் விருப்பப் பாடம்தான். படிப்பவர்களில் மிகப் பலர் கபிலியப் பிள்ளைகள்.

2019 மக்கள் எழுச்சியில் கொடிகளைப் பிடுங்கி இரு சாராரையும் மோதவிட அரசு முயன்றபோது, கபிலியரும் அரபுகளும் சகோதரர்களே என்று அல்ஜியர்ஸ் தெருக்கள் பதில் முழக்கமிட்டன. அரபு பேசும் ஊர்களிலும் அமாஸிக் கொடி ஏறியது. அந்த எழுச்சியை நோய்த்தொற்றுக் கால ஊரடங்கும் கைதுகளும் சேர்ந்து அடக்கின.

பிறகு அரசு புதிய சாசனம் ஒன்றைக் கொண்டுவந்தது. தமாஸிக்தின் ஆட்சிமொழித் தகுதியை இனி எந்தத் திருத்தத்தாலும் நீக்க முடியாத பிரிவுகளில் அது சேர்த்தது. 1980இல் திஸி உஸு மாணவர்கள் கனவிலும் எண்ணியிராத வெற்றி. 2020 நவம்பர் 1 அன்று, விடுதலைப் போர் தொடங்கிய நாளில், மக்கள் அதன்மீது வாக்களிக்க அழைக்கப்பட்டார்கள். நாடு முழுவதும் வந்தவர்கள் நூற்றுக்கு 24 பேர்கூட இல்லை. தமாஸிக்தின் தாயகமான திஸி உஸுவில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.